துட்டன்காமூன் பெட்டியின் தேர்ப்போர்க் காட்சி: பலகையில் பிரதி எடுக்க ஆலோசனை தேவை

தூரிகைத்தடி (இழை தொடங்கியவர்)

வணக்கம். துட்டன்காமூன் கல்லறையில் கிடைத்த வண்ணப் பெட்டி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கல்லறையைத் தோண்டிய ஹோவர்ட் கார்ட்டரின் பட்டியலில் 21-ஆம் எண். மரம், மேலே வெண்சுதைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். வளைந்த மூடியோடு சேர்த்து நீளம் சுமார் 61 செ.மீ., அகலம் 43, உயரம் 44. நீளப் பக்கங்களில் ஒன்றில் நூபியரோடு போர், மற்றொன்றில் சிரியரோடு போர். மூடியில் வேட்டை. குறுக்குப் பக்கங்களில் அரசன் சிங்க உடலோடு எதிரிகளை மிதிக்கிறான்.

சிரியர் பக்கத்தை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, 90 செ.மீ. அகலத்தில் மரப்பலகையில் பிரதி எடுக்கத் திட்டம். அக்ரிலிக் இல்லாமல் சுதைத்தளம், பிசின் வண்ணம் என்று பழைய முறையிலேயே செய்ய வேண்டும். கேள்விகள்:

தேரின் பாகங்கள் படத்தில் மிகப் பொடியாக இருக்கின்றன. எந்தக் கோடு எந்த வார், எது மரம், எது தோல் என்று புரியாமல் வரைந்தால் சொதப்பிவிடும். யாராவது விளக்க முடியுமா?

தேக்குப் பலகை கைவசம் இருக்கிறது, போதுமா?

பின்னணியின் வெளிர்மஞ்சள் அசல் நிறமா, பழசானதால் வந்ததா?

அச்சாணி

தேர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓவியத்தைப் பார்த்துத் தேரைப் புரிந்துகொள்ளப் போகாதீர்கள். தேரைப் புரிந்துகொண்டு ஓவியத்துக்கு வாருங்கள். அதே கல்லறையில் ஆறு தேர்கள் கிடைத்திருக்கின்றன, நான்கு முன்னறையில், இரண்டு கருவூல அறையில். அதற்கு முன் 1905-ல் யுயா, துயா என்ற தம்பதியின் கல்லறையில் ஒரு முழுத்தேர் கிடைத்தது. ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்னொன்று இருக்கிறது. ஆகவே ஊகத்துக்கு வேலை குறைவு.

சக்கரத்தில் ஆரம்பியுங்கள். விட்டம் ஏறத்தாழ 90 செ.மீ., ஆறு ஆரம். நம் மாட்டுவண்டிச் சக்கரம் போல் குடத்தில் (சக்கரத்தின் நடுக்கட்டை) துளை போட்டு ஆரக்காலைச் செருகும் வேலை இல்லை இது. ஒவ்வொரு மரத்துண்டையும் V வடிவில் வளைக்கிறார்கள். ஒரு V-யின் ஒரு கால், பக்கத்து V-யின் ஒரு காலோடு முதுகோடு முதுகு ஒட்டி ஓர் ஆரமாகிறது. ஆறு V, ஆறு ஆரம். V-களின் முனைகள் நடுவில் கூடும் இடத்தில் குடம். மேலே ஈரமான பச்சைத்தோலைச் சுற்றிக் கட்டிவிட்டால் காயும்போது சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதனால் வரைபவருக்குக் கிடைக்கும் தகவல்: குடத்தருகே ஆரம் திடீரென்று குச்சியாக முளைப்பதில்லை, அகலமான வளைவோடு பக்கத்து ஆரத்துக்குள் ஓடுகிறது. நேர்க்கோடு ஆறு போட்டு நடுவில் வட்டம் வைத்தால் அது சைக்கிள் சக்கரம்தான்.

வட்டை (சக்கரத்தின் வெளிவளையம்) ஒரே மரமல்ல. வளைத்த துண்டுகளின் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டியது. வெளியே தோல் பட்டை. இரும்புப் பட்டா கிடையாது. ஆகவே வெளிவிளிம்பில் சாம்பல் நிறமோ பளபளப்போ வேண்டாம்.

அச்சு எங்கே? ஆட்கள் நிற்கும் தட்டின் பின்விளிம்புக்கு நேர் கீழே. இதை நகர்த்தவே கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் சக்கரத்தின் மையமும் தட்டின் பின்னோரமும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும். நின்றிருப்பவர்களின் எடையில் ஒரு பங்கு ஏர்க்கால் (தட்டையும் குதிரைகளின் நுகத்தையும் இணைக்கும் நீள மரம்) வழியாகக் குதிரைகளின் மேல் இறங்கும், வேகமாகத் திரும்பும்போது வண்டி பின்னால் சாயாது. புதிதாக வரைபவர்களில் பாதிப் பேர் சக்கரத்தை நடுவில் வைக்கிறார்கள். பார்வைக்குச் சமநிலையாக இருப்பதுபோல் தோன்றுவதுதான் காரணம்.

தட்டு ஏறத்தாழ 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். D வடிவம், தட்டையான பக்கம் பின்னால், பின்பக்கம் திறப்பு. தரை பலகையல்ல, தோல்வாரால் பின்னியது. மொத்த வண்டியும் முப்பது கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டு ஆட்கள் தூக்கிப் போய்விடலாம். அந்த இலேசுத்தன்மை கோட்டில் தெரிய வேண்டும். தடித்த கோடு போட்டால் கோயில் தேராகிவிடும்.

ஏர்க்கால் தட்டின் கீழே பின்னாலிருந்து ஓடி, முன்னால் வந்ததும் மேல்நோக்கி வளைந்து, நுகம் வரை போகிறது. சுமார் இரண்டரை மீட்டர் நீளம். முன்சட்டத்திலிருந்து ஏர்க்காலுக்கு இரண்டு மூன்று வார்கள் சாய்வாக இறங்கும். படத்தில் தட்டின் முன்னால் தெரியும் பொடிக் கோடுகள் இவைதான். கடிவாள வாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீலக்கல்

மேற்கோள்: "ஆறு ஆரம்"

எகிப்தியத் தேருக்கு நான்கு ஆரம் என்றல்லவா படித்திருக்கிறேன். ஃபுளோரன்ஸ் தேருக்கே நான்குதானே?

அச்சாணி

அதுவும் சரி, இதுவும் சரி. காலம் வேறு. பதினெட்டாம் அரச மரபின் (துட்டன்காமூனின் வம்சம்) முற்பகுதியில் நான்கு ஆரம். நான்காம் துட்மோஸ் காலத்தில் எட்டு ஆரமும் காட்டப்பட்டிருக்கிறது. 1903-ல் கண்டெடுத்த அவன் தேரின் உடற்பகுதியிலேயே தேர்ப்போர்க் காட்சி புடைப்பாக இருக்கிறது, அங்கே பாருங்கள். அதன்பிறகு ஆறு நிலைத்துவிட்டது. துட்டன்காமூன், முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேஸ் எல்லோரும் ஆறுதான். நான்கு ஆரம் போட்ட ராம்சேஸ் படம் இணையத்தில் எங்காவது கண்ணில் பட்டால், வரைந்தவர் இரண்டு காலத்தைக் கலந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு ஆரத்தில் என்ன சிக்கல் என்றால், இரண்டு ஆரங்களுக்கு நடுவே வட்டைக்கு முட்டு இல்லாத தூரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது வட்டை அங்கே அமுங்கிக் கோணிக்கொள்ளும். எட்டு போட்டால் எடை கூடும், குடத்தில் வேலையும் கூடும். ஆறு நடுவழி.

கல்வெட்டுப்பூனை

தேரை அச்சாணி சார் கச்சிதமாகப் பிரித்துவிட்டார். ஆனால் இது ஒரு ஓவியம். எது வண்டியின் உண்மை, எது எகிப்திய ஓவிய மரபு என்று பிரிக்காவிட்டால் தூரிகைத்தடி அசலைத் 'திருத்த' ஆரம்பித்துவிடுவார்.

கடிவாள வார்கள் அரசனின் இடுப்பில் கட்டியிருக்கும். இரண்டு கையும் வில்லில். தேரில் வேறு ஆளே இல்லை. போரில் இப்படி நடந்திருக்காது. எகிப்தியத் தேரில் இருவர், ஒருவர் ஓட்டுவார், ஒருவர் எய்வார். இரண்டாம் ராம்சேஸ் ஹிட்டைட்டுகளோடு (இன்றைய துருக்கிப் பகுதிப் பேரரசு) மோதிய காதேஷ் போரை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1274 என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தப் போர் அபிதோஸ், லக்சர், கர்னாக், ராமேசியம், அபு சிம்பெல் என்று பல கோயில்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போர் பற்றிய எகிப்தியப் பாடலில் ராம்சேஸின் தேரில் மென்னா என்ற கேடயக்காரன் கூட இருக்கிறான், பயந்து நடுங்குகிறான், அரசன் தைரியம் சொல்கிறான். சுவரில் செதுக்கிய படத்தில் அரசன் தனியாள்! எழுத்தில் இருப்பவன் படத்தில் காணாமல் போகிறான். ஆகவே தனியாகத் தேர் ஓட்டும் அரசன் மரபு. அதை மாற்றாதீர்கள், தேரோட்டியைச் சேர்க்காதீர்கள்.

அளவும் அப்படித்தான். அரசன் தன் தேருக்கே பெரிது. சக்கரம் 90 செ.மீ., துட்டன்காமூனின் உயரம் ஏறத்தாழ 1.67 மீட்டர் என்று கணக்குப் போட்டு விகிதம் வைத்தால் படம் கெட்டுவிடும். அரசனுக்கு ஓர் அளவு, அவன் குதிரைகளுக்கு ஓர் அளவு, படைக்கு ஓர் அளவு, எதிரிக்கு ஓர் அளவு.

நாண் கவனம். பல எகிப்தியக் காட்சிகளில் நாணை முகத்துக்குக் குறுக்கே ஓட விடுவதில்லை. அரசனின் முகத்தைக் கோடு வெட்டக் கூடாது என்பதால் நாண் தலைக்குப் பின்னால் மறையும். உங்கள் அசலில் எங்கே மறைந்து எங்கே வெளிவருகிறது என்பதைப் பெரிதாக்கிப் பார்த்து அப்படியே எடுங்கள். 'இடையில் விட்டுப்போயிருக்கிறது, நான் இணைத்துவிடுகிறேன்' என்று கை வைத்தால் போச்சு.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது அமைப்பு. அரசனுக்குப் பின்னால் விசிறிக்காரர்கள், அதற்கும் பின்னால் எகிப்தியத் தேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தரைக்கோடு. அரசனுக்கு முன்னால் எதிரிகள், அங்கே தரைக்கோடே கிடையாது. விழுந்தவன், குத்துப்பட்டவன், கவிழ்ந்த குதிரை எல்லாம் ஒரே குவியல், தலைகீழாகவும் பக்கவாட்டாகவும். பின்னால் ஒழுங்கு, முன்னால் குழப்பம், நடுவில் அரசன். இதுதான் படத்தின் பொருள். பிரதி எடுப்பவர்கள் பொதுவாக எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், குவியலைக் 'கொஞ்சம் புரியும்படி' இடைவெளி விட்டு அடுக்கிவிடுகிறார்கள். அப்போது போர் போய், ஊர்வலம் வந்துவிடும்.

சிவப்புக்கோடு

வரையும் வரிசை பற்றி:

எகிப்திய ஓவியர்கள் முதல் வரைவைச் சிவப்பில் போட்டார்கள், திருத்தம் இருந்தால் கருப்பில். பெரிய சுவர்களில் கட்டம் போட்டார்கள். நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் கோடு வரை 18 கட்டம். முழங்கால் 6-ல், பிட்டத்தின் கீழ்விளிம்பு 9-ல், கழுத்தும் தோளும் சேரும் இடம் 16-ல். அரசனின் உருவத்தைப் பெரிதாக்கும்போது இந்தக் கணக்கை ஒரு சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து எய்யும் உருவத்தில் அப்படியே பொருந்தாது.

பிரதிக்கு, படத்தின் மேல் தாள் வைத்துத் தடம் எடுப்பதே மேல். முதலில் மூன்று தரைக்கோடுகள், அலங்காரப் பட்டைகளின் உள்விளிம்பு, அரசனின் சக்கர மையம், இரண்டு குதிரைகளின் பின்னங்குளம்பு. இந்த நான்கையும் பலகையில் குறித்துவிட்டால் மற்றவை நகராது. தடத்தாளின் பின்பக்கம் கரியைத் தேய்க்காதீர்கள், வெண்சுதையில் கரி பரவினால் அழிக்க முடியாது. சிவப்புக் காவிப் பொடியைத் தேய்த்து மேலே மொட்டை ஊசியால் அழுத்துங்கள். வண்ணம் போட்டபின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தாலும் பாதகமில்லை.

அப்புறம் குதிரைகள். முன்னங்கால்கள் இரண்டும் காற்றில், பின்னங்கால்கள் தரையில். குதிரை ஓடும் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'சரியாக' வரைய வேண்டாம். நம் பக்கம் இருக்கும் குதிரையை முழுதாக வரைந்துவிட்டு, அதற்கு அப்பால் இருக்கும் குதிரையின் வெளிக்கோட்டை மட்டும் சற்று முன்னால் தள்ளித் திரும்ப ஓட்டுவார்கள். மூக்கு, மார்பு, கால்கள் இரட்டையாகத் தெரியும். உங்கள் அளவில் நான்கைந்து மி.மீ. தள்ளினால் போதும், அசலை அளந்து ஒன்றரை மடங்கு வையுங்கள். முடித்ததும் குளம்புகளை எண்ணுங்கள். எட்டு இருக்க வேண்டும். ஏழு அல்லது ஒன்பது வருவது சகஜம்!

நீலக்கல்

குதிரையின் கழுத்தில் ஒரு பட்டை வருகிறதே, அது தொண்டையிலா மார்பிலா? பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது.

அச்சாணி

நல்ல கேள்வி. இதில் நூறு வருடச் சண்டை இருக்கிறது. பிரெஞ்சு அதிகாரி லெஃபெவ்ர் தே நொயெத், இந்தப் பட்டை தொண்டையை நெரிக்கும், பழங்காலக் குதிரைகளால் அதிக பாரம் இழுக்க முடியாது என்று வாதிட்டார். 1970-களில் ழான் ஸ்ப்ரூயித் பழைய தேர்களைத் திரும்பக் கட்டிக் குதிரை பூட்டி ஓட்டிக் காட்டினார். நெரிக்கவில்லை. ஏனென்றால் பாரத்தை எடுப்பது பட்டை அல்ல. நுகத்தின் ஒவ்வொரு முனையிலும் தலைகீழ் Y போல ஒரு மரக்கவை கட்டியிருக்கும். அது குதிரையின் கழுத்தடியில், தோளுக்கு முன்னால் கவிந்து உட்காரும். இழுப்பு அதன் வழியாகத் தோளில் விழுகிறது. பட்டை அந்தக் கவையை இடத்தில் நிறுத்த மட்டும்.

ஆகவே பட்டை கழுத்து மார்போடு சேரும் அடிப்பகுதியில் வரவேண்டும். தாடைக்குக் கீழே ஏற்றினால் தவறு. இன்னொரு மெல்லிய வார் முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்றைச் சுற்றி வரும், அது தளர்வாகவே இருக்கும்.

கடிவாள வார் வாயிலிருந்து நேராக அரசனிடம் போகாது. மரக்கவையின் கீழ்முனையருகே ஒரு வளையம் வழியாக நுழைந்து, அங்கிருந்து பின்னால் போகும். கோட்டில் ஒரு சிறு திசைமாற்றம் தெரியும். அதை நேர்க்கோடாக்கிவிட வேண்டாம்.

குதிரையின் பக்கவாட்டில் வண்டிக்குப் போகும் இழுவை வார் எதுவும் கிடையாது. ரோமானியப் படம், ஐரோப்பியக் கோச்சு வண்டிப் படம் பார்த்த கண் தானாக அதைச் சேர்க்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் கட்டைகள், அங்கவடி, கழுத்துவளையம், இவற்றுக்கும் இங்கே இடமில்லை.

சுண்ணப்பொடி

பலகைக்கு வருகிறேன். தேக்கு வேண்டாம். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, வஜ்ஜிரம் (தோலிலிருந்து எடுக்கும் பசை) சரியாகப் பிடிக்காது, ஆறு மாதத்தில் ஓரத்திலிருந்து தகடு தகடாக உரியும். 12 மி.மீ. நல்ல பிளைவுட் போதும், அல்லது நன்றாகக் காய்ந்த, எண்ணெய்ப் பசை இல்லாத மரம்.

தளம் போடும் முறை:

வஜ்ஜிரம் (தச்சர்கள் வாங்கும் தோல் வஜ்ஜிரம், பொடி அல்லது மணி) 80 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கிக் கரையுங்கள். 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதித்தால் பிடிமானம் போய்விடும், பிறகு எவ்வளவு கூட்டிப் போட்டாலும் வராது.

இதை முதலில் பலகையின் முன், பின், நான்கு ஓரம் எல்லாவற்றிலும் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பிறகு மெல்லிய, துவைத்துக் கஞ்சி போன பருத்தித் துணியை அதே வஜ்ஜிரத்தில் நனைத்து முன்பக்கம் ஒட்டுங்கள். கையால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றுக்குமிழி எடுக்க வேண்டும். இது ஒரு நாள் காயட்டும். மரம் அசையும்போது சுதை நேராக வெடிக்காமல் இந்தத் துணி தாங்கும்.

சுதைக்குச் சுண்ணக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட். பெயின்ட் கடையில் சாக் பவுடர் என்று கேட்டால் தருவார்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துப் போட வேண்டாம், அது பெரும்பாலும் ஜிப்சம், கூட என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டவே வேண்டாம், பாத்திரத்திலேயே இறுகிவிடும். இளஞ்சூடான வஜ்ஜிரத்தில் பொடியைச் சல்லடையால் தூவுங்கள், கிளறாதீர்கள். வஜ்ஜிரத்தின் அளவுக்கு ஒன்றரைப் பங்கு பொடி (கன அளவில்) சரியாக வரும். அரை மணி நேரம் விட்டு, மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள்.

முதல் பூச்சைத் தூரிகையில் போட்டு உள்ளங்கையால் தேய்த்து அழுத்துங்கள். அடுத்தடுத்து ஆறிலிருந்து எட்டு மெல்லிய பூச்சு, ஒன்று நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே. முந்தைய பூச்சின் ஈரப் பளபளப்பு போனதும் அடுத்தது. எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். நாள் தள்ளிப் போட்டால் படலங்கள் ஒன்றோடொன்று பிடிக்காது.

கெடுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஊசித்துளைகள் வந்தால் கலவையை அடித்துக் கலக்கிக் காற்றை ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது சூடு அதிகம். சிலந்திவலை போல் வெடிப்பு வந்தால் வஜ்ஜிரம் கூடிவிட்டது, இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே காய வைத்திருக்கிறீர்கள். விரலில் வெள்ளையாக ஒட்டினால் வஜ்ஜிரம் குறைவு. மேல்பூச்சு கீழ்ப்பூச்சைவிட வலுவாக இருந்தால் காயும்போது அது இழுத்துக் கீழதையும் பெயர்க்கும். கலவை அடுப்பருகே நீராவியாகிக் கெட்டியாவதால் தெரியாமலே இது நடக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் சேர்த்துக்கொண்டே போங்கள்.

கடைசியில் 320, பிறகு 600 உப்புத்தாள். தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல, முகமூடி போடுங்கள். மழைக்காலம் என்றால் கலவையில் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய், பூஞ்சணம் வராமலிருக்க.

தூரிகைத்தடி

அருமை. பின்பக்கமும் சுதை பூச வேண்டுமா, வஜ்ஜிரம் மட்டும் போதுமா?

சுண்ணப்பொடி

பிளைவுட் என்றால் இரண்டு பூச்சுச் சுதை பின்னாலும் போடுங்கள். முன்பக்கம் மட்டும் எட்டுப் பூச்சு காய்ந்து இழுத்தால் 90 செ.மீ. பலகை கிண்ணம் போல் வளையும்.

கல்வெட்டுப்பூனை

மரம் சுருங்குவது பற்றிய பேச்சு வந்ததால், அந்தப் பெட்டிக்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்னணி மஞ்சளா வெள்ளையா என்ற கேள்விக்கும் அதில்தான் பதில்.

கல்லறைக்குள் மூவாயிரம் வருடம் ஒரே ஈரப்பதத்தில் இருந்த பெட்டி. வெளியே எடுத்ததும் கார்ட்டர் குழு தூசு தட்டி, பென்சைன் என்ற பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்து, அமைல் அசிடேட்டில் கரைத்த செல்லுலாய்டைத் தெளித்தது. சுதை மரத்தோடு ஒட்டி நிற்கட்டும் என்று. மூன்று நான்கு வாரத்தில் மூட்டுகளின் விரிசல் அகலமாகியது, சுதை ஆங்காங்கே உப்பத் தொடங்கியது. ஆய்வறையின் வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது, சுதையால் கூடச் சுருங்க முடியவில்லை. செல்லுலாய்டு மேலே ஒரு தோல் மட்டும்தான், உள்ளே இறங்கவில்லை. கடைசியில் உருக்கிய பாரஃபின் மெழுகை ஊற்றினார்கள். அது உள்ளே இறங்கி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியது. ஓவியம் நமக்கு மிஞ்சியது அதனால்தான்.

ஆனால் மெழுகு இறங்கிய வண்ணம் ஈரமான வண்ணம் போல் ஆழமாகத் தெரியும், வெண்தளமும் மங்கும். ஆகவே இன்று புகைப்படத்தில் காணும் வெளிர்மஞ்சளைப் பூச்சின் அசல் நிறமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தளம் வெண்சுதை. நீங்கள் எதைப் பிரதி எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்: இன்றைய பெட்டியையா, வரைந்து முடித்த அன்றைய பெட்டியையா. இரண்டையும் கலந்தால் பழுப்புத் தளத்தில் புத்தம்புது நீலம் கத்தும்.

பார்க்க வேண்டியவை: கார்ட்டர் குழுவின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டனின் கருப்பு வெள்ளைப் படங்கள், கோட்டுக்கு. நீனா டேவிஸின் வண்ணப் பிரதிகள் (1962-ல் அச்சில் வந்தன), நிறத்துக்கு. ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனம் கார்ட்டரின் குறிப்பட்டைகளையும் பர்ட்டன் படங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 21 என்று எண் போட்டுத் தேடினால் போதும்.

மஞ்சட்காவி

வண்ணங்கள்.

சிவப்பு, பழுப்பு, மஞ்சள் எல்லாம் காவி. கருப்பு விளக்குக்கரி. வெள்ளை சுண்ணம் அல்லது ஜிப்சம். எகிப்தியர்கள் ஹன்டைட் என்ற கனிமத்தையும் பளீர் வெள்ளைக்குப் பயன்படுத்தினார்கள், உங்களுக்கு அது தேவையில்லை. பளிச்சென்ற மஞ்சளுக்கு அவர்கள் வைத்தது அரிதாரம். அது ஆர்சனிக் சல்ஃபைடு, அரைக்கும்போது பறக்கும் தூள் விஷம். மஞ்சள் காவியோடு கொஞ்சம் ஹன்சா மஞ்சள் (செயற்கை வண்ணம்) கலந்து கொள்ளுங்கள்.

நீலம்தான் விஷயம். எகிப்திய நீலம் கல்லல்ல, செய்த பொருள். மணல், சுண்ணம், செம்பு, கொஞ்சம் உவர்ப்பு உப்பு சேர்த்து 850 முதல் 1000 டிகிரிக்குள் மணிக்கணக்கில் சுட்டது. தயாராகக் கிடைக்கிறது, விலை கூடுதல். அதில் ஒரு குணம்: அரைக்க அரைக்க வெளிறும். கருநீலம் வேண்டுமென்றால் பருமணியாகவே வையுங்கள். பருமணி தூரிகையில் ஓடாது, கோடு இழுக்க வராது, புள்ளி வைப்பதுபோல் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். வாங்க முடியாவிட்டால் கோபால்ட் நீலம் வையுங்கள். அல்ட்ராமரீன் ஊதாப் பக்கம் சாயும், பார்த்த உடனே தெரிந்துவிடும். சுவையான செய்தி ஒன்று: எகிப்திய நீலத்தின் மேல் சாதாரண ஒளி பட்டால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும். அகச்சிவப்பைப் பிடிக்கும் கேமராவில் பார்த்தால் உங்கள் கோபால்ட் மாட்டிக்கொள்ளும்.

பிசின்: எகிப்தின் கருவேலமும் நம் ஊர்க் கருவேலமும் ஒரே இனம். நாட்டு மருந்துக்கடைப் பிசின் நிறம் கருத்திருக்கும், வெளிர் துண்டுகளாகப் பொறுக்குங்கள். ஒரு பங்கு பிசின், இரண்டு பங்கு தண்ணீர் (எடையில்), ஓர் இரவு ஊறல், மெல்லிய துணியில் வடிகட்டல், சில சொட்டுத் தேன். வண்ணப் பொடியை முதலில் தண்ணீரில் குழைத்துவிட்டுப் பிறகு பிசின் நீர் சேருங்கள். ஒரு துளியைச் சுதைத்துண்டில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்தால் அதிகம், அது பின்னால் செதிலாக உரியும். காவிக்கும் நீலத்துக்கும் ஒரே அளவு பிசின் ஆகாது, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

சுதை தண்ணீரை உறிஞ்சும். முதல் வண்ணம் போடும்முன் மிக நீர்த்த வஜ்ஜிரம் (லிட்டருக்கு 20 கிராம்) ஒரு கை பூசிவிட்டால் கோடு ஓடும், இல்லாவிட்டால் தூரிகை பாதியிலேயே வறண்டு நிற்கும்.

சிவப்புக்கோடு

மேலே சொன்னதோடு ஒரு வரிசை: எகிப்திய முறையில் முதலில் தட்டையான நிறம், கடைசியில் வெளிக்கோடு. நிழல் கிடையாது. தேர்ச்சட்டம், கடிவாள வார், குதிரைக்கொண்டையின் தீக்கோழி இறகு எல்லாம் கடைசி நாள் வேலை. 000 எண் (மிக மெல்லிய) தூரிகையில் வார்களை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இடம் தடித்துத் தெரியும், கண் அங்கேயே போகும்.

தேரின் பக்கத்துத் தோலுக்கு நிறம் தேடுபவர்களுக்கு: கெய்ரோ அருங்காட்சியகத்தில் 'தானோ தோல்' என்று ஒரு தொகுதி இருக்கிறது, ஒரு வணிகரிடமிருந்து 1932-ல் வாங்கியது. ஒரு தேரின் உறை, வில்லுறை, வார்கள். சிவப்பும் பச்சையும் பளீரென்று இருக்கும். எகிப்தியத் தேர் என்றாலே தங்கம் என்று பூசிவிடாதீர்கள்.

ஓரந்தம்

ஒரு யோசனை. எதிரிகளின் தேர்களில் மூன்று பேரை ஏற்றினால் காட்சி இன்னும் நன்றாக இருக்காதா? காதேஷில் ஹிட்டைட்டுகள் மூன்று பேராக வந்தார்கள் அல்லவா?

கல்வெட்டுப்பூனை

வேண்டாம். இரண்டு காரணம். துட்டன்காமூனுக்கும் காதேஷுக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது வருடம். இங்கே இருப்பவர்கள் சிரியர்கள், தாடியும் நீண்ட உடையும் பாருங்கள். மூன்று பேர் ஏறிய 2500 தேர்கள் என்பது ராம்சேஸின் கல்வெட்டு ஹிட்டைட் படையைப் பற்றிச் சொல்வது, அந்தக் கணக்கும் வென்றதாகச் சொல்லிக்கொண்டவனின் கணக்கு. முழு ஹிட்டைட் தேர் ஒன்றுகூட மண்ணிலிருந்து கிடைக்கவில்லை, நமக்குத் தெரிவதெல்லாம் எகிப்தியச் சிற்பி காட்டியதுதான்.

காதேஷை வரைய ஆசை என்றால் தனியாக வரையுங்கள். அபு சிம்பெல் பெரிய கோயிலின் தூண்மண்டபத்தில் வடசுவர் முழுக்க அதுதான். கோட்டையைச் சுற்றி ஓரந்தெஸ் ஆறு, பாசறை, அடி வாங்கும் ஒற்றர்கள் எல்லாம் ஒரே சுவரில். ஆனால் அது புடைப்பில் வண்ணம், இந்தப் பலகை முறை அதற்குப் பொருந்தாது.

தூரிகைத்தடி

எல்லோருக்கும் நன்றி. தேக்கை ஓரங்கட்டிவிட்டு பிளைவுட்டே எடுக்கிறேன். வெண்தளம்தான், மெழுகு மஞ்சள் வேண்டாம். கடைசியாக ஒன்று: முடித்தபின் வார்னிஷ்?

மஞ்சட்காவி

கூடாது. பிசின் வண்ணத்தின் அழகே அதன் மங்கல் பரப்பு. அக்ரிலிக் தெளிப்பான் அடித்தால் நீலம் இரண்டு படி கருக்கும், காவி ஈரமண் போலாகும், திரும்ப எடுக்கவும் முடியாது. கண்ணாடிச் சட்டம் போடுங்கள். கண்ணாடி வண்ணத்தைத் தொடாமல் 5 மி.மீ. இடைவெளிக் கட்டை உள்ளே வையுங்கள், ஒட்டினால் மழைக்காலத்தில் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும்.

சுண்ணப்பொடி

வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழை ஓதம் பலகைக்குப் பின்னால் ஏறும். உள்சுவரிலும் நான்கு மூலையில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்கும்படி மாட்டுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது.